கோபுரம், விண், கம்பி: வில்லியனூர், பாகூர் வட்டாரத்தில் தொலைக்காட்சிச் செய்தி வந்த வழி

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தது. ஒரு நாளுக்குள் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மழை ஓய்ந்து வானம் வெளுத்த பின்னர்தான் பாகூர்ப் பக்கத்தில் அடுத்த துன்பம் தொடங்கிற்று. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்து வந்து, சோரியாங்குப்பம், கொம்மந்தான்மேடு முதலிய ஆற்றங்கரை ஊர்களுக்குள் புகுந்தது.

அந்த நாட்களில் பாகூரில் உள்ள எம் உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அங்கே கூடியிருந்தவர்கள் அறிய விரும்பியவை மிகச் சிலவே. ஆற்றில் நீர் ஏறுகிறதா, இறங்குகிறதா? ஏரிக்கரை நிற்கிறதா? எந்தச் சாலை வழியாக வெளியேறலாம்? சென்னையிலிருந்து இயங்கும் 24 மணி நேரச் செய்தி அலைவரிசைகளைக் கைப்பேசியில் மாற்றி மாற்றிப் பார்த்தோம். திருவண்ணாமலை மண்சரிவு வந்தது, விழுப்புரம் வந்தது, தலைவர்களின் அறிக்கைகள் வந்தன. பாகூர் வரவில்லை. வாட்ஸ்அப்பில் மட்டும் யாரோ ஒருவரின் குரல், ஏரி உடைந்துவிட்டது என்று அலறியது. அது பொய் என்று தெரியவருவதற்குள் இரண்டு வீட்டார் மூட்டை கட்டியிருந்தனர்.

அப்போது பெரியம்மா ஒருவர் சொன்னார்: "முன்னல்லாம் கேபிள்ல கீழ எழுத்து ஓடும். எந்த ஊர்ல என்னன்னு போட்டுடுவான். இப்ப யாரப் போயி கேக்கறது?"

இக்கட்டுரைக்கு வித்து அந்த ஒரு கேள்விதான். கையடக்கக் கருவியில் உலகச் செய்தி முழுவதும் வந்து குவியும் காலத்தில், மூன்று மைல் தொலைவிலுள்ள மதகின் செய்தி ஏன் வரவில்லை? தொலைக்காட்சி எம் வட்டாரத்துக்கு எவ்வாறு வந்தது, வந்தபோது யாருடைய செய்தியைக் கொண்டுவந்தது, எம் செய்தி அதில் எப்போது இடம்பெற்றது, எப்போது வெளியேறியது என்பனவற்றை இயன்றவரை வரிசைப்படுத்திப் பார்ப்பதே நமது நோக்கம்.

செய்தி அறைதல்

ஊர்ச் செய்தியை ஊரார்க்கு உரைத்தல் தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் முதற் காதைக்கே விழாவறை காதை என்று பெயர். இந்திர விழா நிகழப்போவதை முரசறைந்து நகருக்கு அறிவிப்பதில் காப்பியம் தொடங்குகிறது. செய்தியைச் சொல்பவனும் கேட்பவனும் ஒரே தெருவில் நிற்கிறார்கள் என்பதே அந்த முறையின் சிறப்பு. பிற்காலத்தில் அது தண்டோராவாகச் சுருங்கியது. பறையடித்துச் சொல்லும் வேலை ஒரு சாதியார் தலையில் கட்டப்பட்டது என்பதையும் மறப்பதற்கில்லை. தமிழ்நாட்டு அரசு 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டில்தான் தண்டோரா முறைக்குத் தடை விதித்தது.

புதுச்சேரிக்கு இன்னொரு மரபும் உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு அது. கவர்னர் மாளிகைச் செய்தியும் கப்பல் வந்த செய்தியும் தெருச் சண்டையும் மழை வெள்ளமும் அதில் ஒன்றாக இடம்பெறுகின்றன. அச்சேறாமல் கிடந்த அந்த ஏடுகள் 1846-ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்டிராவிட்டால், பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் அன்றாட வாழ்வு நமக்குக் கிட்டியிராது. சந்தா சாகிப் வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளைப் பிரெஞ்சுக்காரர்க்கு அளித்தது 1749-இல். பாகூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியது 1752-இல். இரண்டுமே அந்த நாட்குறிப்பின் காலத்தவை. உள்ளூர்ச் செய்தியை எவரேனும் எழுதிவைத்தால் அதுவே பின்னாளில் வரலாறாகிறது. இக்கருத்தை இங்கே ஊன்றிவைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

துண்டு துண்டான நிலம்

தொலைக்காட்சி என்பது நிலப்பரப்போடு தொடர்புடைய கருவி. எனவே எம் நிலத்தின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். புதுச்சேரிப் பகுதி ஏறத்தாழ 290 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதுவும் ஒரே துண்டாக இல்லை. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் ஊர்களோடு பின்னிக் கிடக்கிறது. பேருந்தில் ஒரு மணி நேரம் சென்றால் இரண்டு மூன்று முறை எல்லையைக் கடந்துவிடுவோம். காரைக்கால் தெற்கே காவிரிப் படுகையில் இருக்கிறது. மாகே மலையாளத்தோடும் ஏனாம் தெலுங்கோடும் வாழ்கின்றன. 1954 நவம்பர் 1-ஆம் நாள் நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16-ஆம் நாள் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்த இந்த ஆட்சிப்பகுதியைப் போன்ற சிதறல் வேறெங்கும் காண்பது அரிது.

நிர்வாகச் சொற்களும் வேறானவை. பிரெஞ்சு ஆட்சியில் 1880-ஆம் ஆண்டு ஆணையின் வழி உருவான கொம்யூன் என்னும் அமைப்பு இன்றும் பெயரளவில் வாழ்கிறது. தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றியம் என்பதை நாம் கொம்யூன் பஞ்சாயத்து என்கிறோம். வில்லியனூரும் பாகூரும் அத்தகைய கொம்யூன்கள். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுவோரைச் 'சொல்தா' என்று அழைப்பதும் எம்மிடையே மட்டும் வழங்குவது. சென்னைச் செய்தியில் இச்சொற்களைக் கேட்டதாக எமக்கு நினைவில்லை.

முதற் காலம்: கோபுரம்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கிற்று. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் வந்தது. 1976 ஏப்ரல் 1 முதல் தூர்தர்சன் வானொலியிலிருந்து பிரிந்து தனி அமைப்பாயிற்று. வில்லியனூரும் பாகூரும் சென்னையிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ளவை. சென்னைக் கோபுரத்தின் அலை இவ்வளவு தூரம் தெளிவாக வந்து சேராது. எனவே வசதியுள்ள வீடுகள் மூங்கில் கழியையும் இரும்புக் குழாயையும் இணைத்து மாடியில் உயரமான ஆன்டெனா நட்டன. எங்கள் சிறுவயதில், மாடியில் ஒருவர் கழியைத் திருப்ப, முற்றத்தில் ஒருவர் நின்று குரல் கொடுக்க, உள்ளே ஒருவர் திரையைப் பார்த்துச் சொல்ல, மூவர் சேர்ந்துதான் 'ஒளியும் ஒலியும்' பார்க்க முடிந்தது.

1982-இல் வண்ண ஒளிபரப்பும் தேசிய நிகழ்ச்சியும் வந்தன. 1984-இல் நாடெங்கும் சிறுதிறன் ஒளிபரப்பிகள் வேகமாக நிறுவப்பட்டன. நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் அவை திறக்கப்பட்ட மாதங்களும் உண்டு. ஆனால் இங்கொரு முரண் நோக்கத்தக்கது. அச்சிறு ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவை தில்லியிலிருந்து செயற்கைக்கோள் வழி வந்ததை அப்படியே மறு ஒளிபரப்புச் செய்தன. அவற்றுக்கென்று படப்பிடிப்புக் கூடமோ செய்தியாளரோ இல்லை. கோபுரம் ஊருக்கு அருகில் வந்தது; செய்தியோ சென்னையையும் தாண்டித் தில்லிக்குப் போய்விட்டது.

சென்னைத் தமிழ்ச் செய்திக்கு ஒரு பெருமதிப்பு இருந்ததை மறுப்பதற்கில்லை. ஷோபனா ரவி, வரதராஜன் ஆகியோர் வாசித்த செய்தியில் தமிழ் உச்சரிப்பைக் கற்றோர் பலர். வகுப்பில் ழகரம் சொல்லித்தரும்போது நாமே அவர்களை எடுத்துக்காட்டியதுண்டு. ஆயினும் அது மாநிலத் தலைநகரின் செய்தி. 'வயலும் வாழ்வும்' மட்டுமே நெல்லையும் கரும்பையும் பேசியது. அதிலும் பேசப்பட்டது ஏதோ ஒரு பொது வயல், பாகூர் வயல் அன்று.

அக்காலத்தில் உள்ளூர் என்று எதையேனும் சொல்வதானால் அது வானொலிதான். புதுச்சேரி வானொலி நிலையம் 1967 முதல் இயங்குகிறது. வயலில் வரப்பின்மேல் வைக்கப்பட்ட டிரான்சிஸ்டரில் கேட்டது அந்த நிலையத்தைத்தான். பின்னாளில் புதுச்சேரியில் தூர்தர்சன் நிலையமும் அமைந்தது. ஆனால் அது தனி அலைவரிசையாக வளர்ந்து நாள்தோறும் கொம்யூன்களின் செய்தியைச் சொல்லும் நிலை ஏற்படவில்லை.

வேறு வழியே இருந்திருக்காது என்று எண்ணிவிட வேண்டாம். குசராத்தின் கேடா மாவட்டத்தில், பிஜ் என்னும் சிற்றூரில் 1975 முதல் ஒரு சிறு ஒளிபரப்பி இயங்கியது. விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் அகமதாபாத் மையத்தார் ஊர் ஊராகச் சென்று, ஊராரையே பேசவைத்து, கூலி, குடி, தீண்டாமை ஆகியவற்றைப் பற்றி நிகழ்ச்சிகள் செய்தனர். 1984-இல் அதற்கு யுனெஸ்கோவின் ஊரகத் தகவல் தொடர்புப் பரிசு கிடைத்தது. பரிசு பெற்ற சிறிது காலத்தில், 1980-களின் நடுவிலேயே அம்முயற்சி நிறுத்தப்பட்டது. நாடெங்கும் கோபுரங்கள் முளைத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், உண்மையான உள்ளூர்க் கோபுரம் ஒன்று ஓய்ந்துபோனது.

இரண்டாம் காலம்: விண்

1991-இல் வளைகுடாப் போரும் ஸ்டார் அலைவரிசைகளும் இந்திய நகரங்களுக்குச் செயற்கைக்கோள் தொலைக்காட்சியை அறிமுகம் செய்தன. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளன்று சன் தொலைக்காட்சி தொடங்கிற்று. தொடக்கத்தில் நாளில் சில மணி நேரமே ஒளிபரப்பு. அதைத் தொடர்ந்து ராஜ், விஜய் முதலியன வந்தன. 1999-இல் ஜெயா வந்தது. பின்னர் மக்கள் தொலைக்காட்சி 2006-இலும், கலைஞர் தொலைக்காட்சி 2007-இலும், புதிய தலைமுறை 2011-இலும் வந்தன. தமிழ்ச் செய்தி அரசின் ஒற்றைக் குரலிலிருந்து விடுபட்டது. இது சிறிய மாற்றம் அன்று. 2001 சூன் 30-ஆம் நாள் அதிகாலையில் மு. கருணாநிதி கைது செய்யப்பட்ட காட்சியைத் திரும்பத் திரும்பத் திரையில் கண்ட தலைமுறைக்கு அதன் வலிமை தெரியும்.

ஆனால் விண்வழிச் செய்திக்கு ஓர் இயல்பு உண்டு. செயற்கைக்கோளின் நிழல் வளைகுடாவிலிருந்து சிங்கப்பூர் வரை படர்கிறது. அத்தனை பேரும் பார்க்கத்தக்க செய்தி எதுவோ அதுவே செய்தியாகும். வில்லியனூரில் குடிநீர் மஞ்சளாக வருவது துபாயில் இருப்பவருக்கு எதற்கு? விளம்பரதாரர்க்கு எதற்கு? ஊர் சிறிதாக இருப்பதே அங்கே குற்றமாகிவிடுகிறது. புதுச்சேரியைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் கடினம். ஆட்சி கவிழும்போதும், கவர்னருக்கும் முதல்வருக்கும் மோதல் ஏற்படும்போதும் கடற்கரைச் சாலைக்குக் கேமராக்கள் வரும். அவை மேற்கே திரும்பி வில்லியனூருக்கு வருவதற்குத் தேரோட்டமோ கொலையோ வெள்ளமோ வேண்டியிருந்தது.

இங்கே கனடாவை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது பயன்தரும். அங்கே 1952 செப்டம்பரில் மொன்றியலிலும் டொராண்டோவிலும் பொதுத்துறைத் தொலைக்காட்சி தொடங்கிற்று. அடுத்த ஆண்டே, 1953 அக்டோபரில், ஒண்டாரியோவின் சுரங்க நகரமான சட்பரியில் முதல் தனியார் நிலையம் எழுந்தது. தலைநகரம் அன்று, பெருநகரமும் அன்று. நிக்கல் தோண்டுவோரின் ஊர். ஒவ்வொரு நகரிலும் ஒரு கோபுரம், ஒரு கூடம், ஒரு செய்திக்குழு என்று அந்நாட்டின் தொலைக்காட்சி கீழிருந்து வளர்ந்தது. உரிமம் தரும்போதே உள்ளூர் நிகழ்ச்சி தரவேண்டும் என்ற கடமையும் விதிக்கப்பட்டது. இந்தியாவிலோ நிலவழி ஒளிபரப்பு அரசின் தனியுரிமையாகவே இருந்துவிட்டது. வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும், ஒரு சிறு நகரத்தார் தம் ஊருக்கென்று கோபுரம் நட்டுத் தொலைக்காட்சி நடத்த வழி பிறக்கவில்லை. அரசுக் கோபுரமும் அரசியலார், வணிகரின் விண்ணும் இருந்தன. இடையில் ஊருக்கென்று எதுவும் இல்லை.

மூன்றாம் காலம்: கம்பி

அந்த இடைவெளியை நிரப்பியவர் எவர் என்றால், எவரும் திட்டமிட்டு நியமிக்காத ஒருவர்: கேபிள்காரர்.

1980-களில் வீடியோ கடை வைத்திருந்தவர்களும் விழாவுக்கு டெக் வாடகைக்கு விட்டவர்களுமே 1990-களில் கேபிள்காரர் ஆயினர். மாடியில் வலைக்குடை, ஓர் அறையில் கருவிகள், மின்கம்பத்திலிருந்து மரத்துக்கும் மரத்திலிருந்து மாடிக்கும் இழுத்த கறுப்புக் கம்பி. 1995-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டம் வரும்வரை இவர்களுக்கென்று தனிச் சட்டமே இல்லை. வந்த சட்டமும் இவர்களைத் தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்துகொள்ளச் சொன்னது. தபால் தலை விற்கும் சாளரத்துக்குப் பக்கத்தில் தொலைக்காட்சிக்குப் பதிவு நடந்தது என்பதை இன்றைய மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

கேபிள்காரரிடம் எப்போதும் ஓர் அலைவரிசை காலியாக இருந்தது. முதலில் அதில் படம் போட்டார். பிறகு திருமண வீடியோ போட்டார். பிறகு வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தை அன்று இரவே போட்டார். வீதியில் வடம் பிடித்தவர் வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டுத் தம் முகத்தைத் திரையில் தேடினார். மாதா கோயில் திருவிழாத் தேர்பவனியும் அவ்வாறே வந்தது. பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, பத்தாம் வகுப்பில் முதலிடம் பெற்ற பிள்ளையின் படம், காணாமற்போன மாட்டைப் பற்றிய அறிவிப்பு, மின்தடை நேரம் ஆகியவை திரையின் அடியில் எழுத்தாக ஓடின. தண்டோராவின் வேலையை எவர் கழுத்திலும் பறையைத் தொங்கவிடாமல் இந்த எழுத்தோட்டம் செய்தது. அதற்காக மட்டுமேனும் அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

அதன் வளர்ச்சியே உள்ளூர்ச் செய்தி. ஒரு மேசை, பின்னால் நீலத்திரை, மேலே குழல்விளக்கு, முன்னால் திருமணப் படப்பிடிப்பு முடித்து வந்த கேமரா. மாலையில் ஒருமுறை வாசித்ததை மறுநாட்காலை மீண்டும் போடுவார்கள். வாசித்தவர் பள்ளி ஆசிரியராகவோ தட்டச்சு நிலையம் வைத்திருந்த பெண்ணாகவோ இருந்தார். தூர்தர்சனின் நடையைப் பின்பற்ற முயன்று, இடையில் எம் ஊர்ப் பேச்சுக்கு வழுக்கிவிடும் அந்தச் செய்தியைக் கேட்டு நாம் சிரித்ததும் உண்டு. ஆனால் கொம்யூன் என்ற சொல்லையும் சொல்தா என்ற சொல்லையும் பங்காரு வாய்க்கால் என்ற பெயரையும் தொலைக்காட்சியில் முதன்முதல் கேட்டது அங்கேதான். தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்கு நீர் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். அது தூர்ந்திருக்கிறதா, ஏரியில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பது பாகூர் விவசாயிக்குப் பங்குச் சந்தைக் குறியீட்டைவிட முக்கியமான எண்.

இதைக் கேளிக்கையாக மட்டும் கருதாமல் அரசியலாகவும் பார்க்க வேண்டும். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் உள்ளாட்சித் தேர்தலே நடைபெறவில்லை. 2006-இல் நடந்தது, அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லாத ஊரில், சாக்கடை அடைத்துக்கொண்டால் சொல்வதற்குச் சட்டமன்ற உறுப்பினர் வீட்டு வாசலைத் தவிர வேறிடம் இல்லை. அந்த நீண்ட இடைவெளியின் பிற்பகுதியில், கேபிள் செய்தியில் வந்த அரை நிமிடக் காட்சிதான் பல தெருக்களுக்குக் கிராம சபையாக விளங்கிற்று. தெருவிளக்கு எரியவில்லை என்று ஒரு பெண் கேமராவைப் பார்த்துச் சொல்வாள். மறுநாள் விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும், அவள் சொன்னதை ஊர் கேட்டுவிட்டது.

குறைகளை மறைத்துப் புகழ்வது வரலாறாகாது. கேபிள்காரருள் பலர் ஏதேனும் ஒரு கட்சியின் நிழலில் இருந்தவர்கள்; தொழில் அப்படிப்பட்டது. கம்பி இழுக்க ஒருவர் தயவு வேண்டும், அறுக்காமலிருக்க இன்னொருவர் தயவு வேண்டும். ஆகவே சாராயக்கடை பற்றியும் மணல் பற்றியும் அச்செய்திகளில் கேட்டது குறைவு. தலைவரின் பிறந்தநாளுக்குக் கால் மணி நேரமும் ஏரி ஆக்கிரமிப்புக்கு ஒரு வரியும் கிடைத்த நாட்கள் பல. அஞ்சலி விளம்பரத்துக்குக் காசு கொடுக்க முடிந்தவரின் சாவே சாவாகத் திரையில் வந்தது. எம் நினைவில், காலனித் தெருக்களுக்குக் கம்பி நீள்வதற்கே சில ஆண்டுகள் பிடித்தன. கேமரா செல்வதற்கு அதனினும் கூடுதலாயிற்று.

இயற்கை சினந்த நாட்களில் அதன் எல்லையும் தெரிந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை மூர்த்திக்குப்பம், பன்னித்திட்டுக் கரைகளைத் தாக்கியபோது ஊர்ச் செய்தியைத் திரையில் காண முடிந்தது. ஆனால் 2011 டிசம்பர் 30-ஆம் நாள் அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, மின்கம்பங்களோடு கம்பியும் சாய்ந்தது. நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது பேசியது பேட்டரி போட்ட வானொலி மட்டுமே.

கம்பி அறுந்த கதை

கேபிள் செய்தியைத் தானே புயல் கொல்லவில்லை. மீண்டும் கம்பி கட்டினார்கள். அதனை ஒடுக்கியது எண்மயமாதல் என்னும் நல்ல சீர்திருத்தம்.

2011-இல் சட்டம் திருத்தப்பட்டு, நாடு முழுவதும் கேபிள் ஒளிபரப்பு எண்முறைக்கு மாறவேண்டும் என்று விதிக்கப்பட்டது. பெருநகரங்கள் 2012-இல் தொடங்கின. எஞ்சிய ஊரகப் பகுதிகளுக்கு 2016 டிசம்பர் என்ற கெடு 2017 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. படம் தெளிவாயிற்று, அலைவரிசைகள் பெருகின, கணக்கு நேராயிற்று. ஆனால் ஒரு நுட்பமான மாற்றம் நிகழ்ந்ததை அன்று பெரும்பாலோர் கவனிக்கவில்லை. பழைய முறையில் ஊர்க் கேபிள்காரரின் அறையிலேயே எல்லா அலைவரிசைகளும் கம்பியில் ஏற்றப்பட்டன. காலியான இடத்தில் அவர் தம் கேமராவை இணைத்துக்கொள்ளலாம். புதிய முறையில், குறியாக்கம் செய்யப்பட்ட அலைவரிசைத் தொகுப்பு முழுவதும் தொலைவிலுள்ள பெருநிறுவனத்தின் தலைமை நிலையத்திலிருந்து கண்ணாடி இழை வழியே வருகிறது. வீட்டுச் செட்டாப் பெட்டி அதை மட்டுமே திறக்கும். ஊர்க் கேபிள்காரர் பழுது பார்ப்பவராகவும் மாதக் கட்டணம் வசூலிப்பவராகவும் சுருங்கினார். தம் ஊர்ச் செய்தியைத் தம் ஊருக்குக் காட்ட, மேலுள்ளவருக்குப் பணம் கட்டி ஓர் எண்ணைப் பெறவேண்டியவரானார்.

2022 நவம்பர் 30-ஆம் நாள் ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் இத்தகைய உள்ளூர் அலைவரிசைகளுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பல ஊர்க் கேபிள்காரர்களுக்கு அலைவரிசைகளை வழங்கும் பெருநிறுவனங்களுக்கான நெறிகள் அவை. அலைவரிசை ஒன்றுக்குப் பதிவுக் கட்டணம் ஆயிரம் ரூபாய்தான். ஆனால் உள்ளூர்ச் செய்தி தருவதானால் நிறுவனச் சட்டப்படி பதிவான கம்பெனியாக இருத்தல் வேண்டும். மொத்த அலைவரிசைகளில் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் இவை இருத்தலாகாது. மாவட்ட அளவில் கூடுதலாக இரண்டு அனுமதிக்கப்படும். ஒளிபரப்பியதைத் 90 நாட்கள் வைத்திருக்க வேண்டும். இவ்விதிகளில் நியாயம் இல்லாமல் இல்லை. பொறுப்பற்ற செய்தியால் ஊரில் கலவரம் மூண்டால் எவரைக் கேட்பது என்ற வினா உண்மையானது. எனினும் விதி எழுதியவர் மனத்தில் இருந்த மிகச் சிறிய அலகு மாவட்டம். கொம்யூன் அவ்வலகுக்குள் அடங்கிக் காணாமற்போகிறது.

இதற்கிடையே கோபுரமும் ஓய்ந்தது. தூர்தர்சனின் பழைய நிலவழி ஒளிபரப்பிகள் 2022-க்குள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டன. சென்னையின் பொதிகை 2024 சனவரியில் டிடி தமிழ் எனப் பெயர் மாறியது. மாடியில் நின்ற ஆன்டெனாக் கழிகள் இப்போது துணி காயப்போட உதவுகின்றன.

உள்ளூர்ச் செய்தி நலிவது எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. கனடாவின் மானிட்டோபா மாநிலத்தில், பிராண்டன் நகரில் 1955 முதல் இயங்கிவந்த நிலையம் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. வாங்குவதாக இருந்தவர் பின்வாங்கிவிட்டார். அதே ஆண்டு மேற்குக் கரையின் விக்டோரியா நகர நிலையமும் மூடப்படும் நிலையில் இருந்தது. அங்கே பணியாற்றியவர்கள் உள்ளூர் முதலீட்டாளரோடு சேர்ந்து, இரண்டு டாலர் என்ற பெயரளவு விலைக்கு அதனை வாங்கித் தாமே நடத்தத் தொடங்கினர். 2017 முதல் அந்நாட்டில் சிறு தனி நிலையங்களின் செய்திக்கென்று ஒரு நிதியும் உள்ளது. அதற்குப் பணம் தருவோர் கேபிள், செயற்கைக்கோள் நிறுவனத்தார். ஊர்ச் செய்தி சந்தையில் தானே பிழைக்காது, ஆனால் பிழைக்கவைக்கப்பட வேண்டியது என்று ஒரு சமூகம் ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. குடிநீர்க் குழாயையும் நூலகத்தையும் இலாபம் பார்த்து நாம் அமைப்பதில்லை அல்லவா?

எஞ்சியது

சென்ற ஆண்டு, முன்பு கேபிள் நடத்திய ஒருவரை அவர் வீட்டில் சந்தித்தோம். பழைய ஒளிநாடாக்கள் இருக்கின்றனவா என்று கேட்டோம். பரண்மேல் இரண்டு கோணிகள் இருந்தன. அவிழ்த்துப் பார்த்தோம். பெரும்பாலான நாடாக்களில் பூஞ்சை படர்ந்திருந்தது. "காசு இல்ல சார், ஒரே கேசட்லதான் மேல மேல எடுப்போம்" என்றார். ஒரு நாடாவின் முதுகில் தேர் என்று எழுதி அடித்து, ஏரி என்று எழுதி அடித்து, மூன்றாவதாக ஒரு திருமண வீட்டாரின் பெயர் எழுதப்பட்டிருந்தது. ஏரியின்மேல் திருமணம் பதிவாகிவிட்டது. கரை உடைந்ததா, கலங்கல் வழிந்ததா, அன்று ஊர் என்ன பேசிற்று என்பதை இனி எவராலும் மீட்க முடியாது.

பல்லவர் காலத்துப் பாகூர்ச் செப்பேடு ஆயிரத்து நூறு ஆண்டுகளைக் கடந்தும் கிடைக்கிறது. அதன் துணையால் இவ்வூரில் ஒரு கல்விச்சாலை இருந்ததையும், அதற்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டதையும் அறிகிறோம். பிள்ளையின் நாட்குறிப்புக் கிடைக்கிறது. துய்ப்ளேக்சின் கோபத்தையும் அறிகிறோம். ஆனால் 1998-இல் வில்லியனூர்க் கடைத்தெரு எப்படி இருந்தது, வெள்ளத்தின்போது ஊரார் என்ன சொன்னார்கள் என்பது நம் கண்முன்னே அழிந்துகொண்டிருக்கிறது. செம்பில் வெட்டியது நிற்கிறது, ஓலையிலும் தாளிலும் எழுதியது நிற்கிறது. காந்த நாடா முப்பது ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை.

நமக்குத் தோன்றுவது இரண்டு. ஒன்று, எஞ்சிய நாடாக்களைச் சேர்த்து எண்முறைக்கு மாற்றி வைப்பது. இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு கல்லூரித் தமிழ்த்துறையோ வரலாற்றுத்துறையோ ஓர் அறையும் ஒரு பழைய நாடா இயக்கியும் ஒதுக்கினால் போதும். நாம் பணிபுரியும் இடத்தில் இதைக் கேட்டிருக்கிறோம். கிடைக்குமா என்பது வேறு. மற்றொன்று, உள்ளூர்ச் செய்தியை ஊர் தன் பொறுப்பாக ஏற்பது. கருவி இன்று அரிதன்று. எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. இல்லாதது, பார்த்துச் சரிபார்த்து, தம் பெயரைச் சொல்லி, நாள்தோறும் ஒரே வேளையில் வாசிக்கும் ஒருவர். கேபிள் செய்தியைக் கேட்டுச் சிரித்தோமே, அந்தக் குழல்விளக்கின் கீழ் அமர்ந்திருந்தவரிடம் அது இருந்தது. தவறாக வாசித்தால் மறுநாள் கடைத்தெருவில் அவரை நிறுத்திக் கேட்கலாம். வாட்ஸ்அப்பில் ஏரி உடைந்துவிட்டதென்று அலறிய குரலை எங்கே போய்க் கேட்பது?

பெரியம்மா வீட்டிலிருந்து புறப்பட்ட அன்று மாலை, ஏரிக்கரை வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தோம். கரை நின்றது, நீர் கலங்கல் வழியாக முறையாக வெளியேறிக்கொண்டிருந்தது. திரும்பிவந்து அதைச் சொன்னபோது, தெருவில் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து அதே செய்தியை மீண்டும் மீண்டும் எம்மிடம் கேட்டுச் சென்றார்கள். அன்று அத்தெருவுக்குச் செய்தி வாசித்தவர் நாமே.